குழந்தைகளைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகும் நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் அவிநாசிக்குப் பக்கம். போன வருடம் ஒரே நாளில் என் இரண்டு பிள்ளைகளுக்கும் கோயமுத்தூரில் பரிசோதனை. ஐந்து வயது மகனுக்குக் காய்ச்சல் இல்லாமலே இரண்டு முறை வலிப்பு வந்திருந்தது. அவனுக்கு மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும். இரண்டு வயது மகளுக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று. அவளுக்கு வயிற்று ஸ்கேன், சிறுநீர், ரத்தம். வீட்டுக்காரருக்குப் பனியன் கம்பெனியில் ஷிப்மெண்ட் நேரம், லீவு கிடைக்கவில்லை. நானும் என் அம்மாவும்தான் போனோம். காலை 5 மணிக்குக் கிளம்பியவர்கள் இரவு 9 மணிக்கு வீடு திரும்பினோம், அதுவும் இ.இ.ஜி. எடுக்காமலே.

அதற்குப் பிறகு பலமுறை போய் வந்தாயிற்று. ஸ்கூல் வேன் நிற்கும் இடத்திலும் அங்கன்வாடியிலும் அம்மாமார்கள் என்னைப் பிடித்துக் கேட்பது திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடமும் லேப் ஆட்களிடமும் கேட்டறிந்ததும், பட்டுத் தெரிந்துகொண்டதும் இதில் இருக்கிறது. உங்கள் குழந்தையைப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

டாக்டர் சீட்டுல அஞ்சாறு டெஸ்ட் எழுதிக் குடுத்துட்டாருங்க. நாளைக்குக் காலைல நேராப் போயிட வேண்டியதுதானுங்களே?

வேண்டாம். சீட்டில் ஐந்து வரிதான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் குழந்தை ஒவ்வொரு மாதிரி இருக்க வேண்டும். ஒன்றுக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். இன்னொன்றுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். இன்னொன்றுக்குக் குழந்தை தூக்கக் கலக்கத்தில் வர வேண்டும். இது தெரியாமல் போய்த்தான் அந்த ஒரு நாள் முழுக்க எங்களுக்கு வீணாகப் போனது. ஊசியால் பட்ட சிரமம் அதில் கொஞ்சம்தான்.

சீட்டை வாங்கிய கையோடு, ஒவ்வொரு பரிசோதனைக்கும் நான்கு விஷயம் கேளுங்கள்: சாப்பிடலாமா, தண்ணீர் குடிக்கலாமா, வழக்கமான மருந்து கொடுக்கலாமா, தூங்கலாமா. பதிலைச் சீட்டின் பின்பக்கமே எழுதுங்கள். அங்கே கேட்க முடியாவிட்டால் முந்தின நாள் ஃபோன் போட்டுக் கேளுங்கள். ஃபோனில் குழந்தையின் வயதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பெரியவர்களுக்கான பதில்தான் வரும்.

ஏனுங்க, காலைல பால்கூடக் குடுக்கக் கூடாதுங்களா? புள்ள பசி தாங்க மாட்டானுங்க.

பெரும்பாலான ரத்தப் பரிசோதனைகளுக்குப் பட்டினியே தேவையில்லை. ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி., தைராய்டு, டெங்கு, டைபாய்டு எல்லாவற்றுக்கும் இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு மாதிரி சிலவற்றுக்குத்தான் பட்டினி வேண்டும். என் மகளை முந்தின நாள் இரவு 8 மணியில் இருந்து காலை 11 மணி வரை பட்டினி போட்டேன். வரவேற்பில் அப்படித்தான் சொன்னார்கள். அவளுக்கு எழுதியிருந்த ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றுக்குக்கூட அது தேவையில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்ளும்.

வயிற்று ஸ்கேன் வேறு கணக்கு. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், குடலில் காற்றும் சேரும், படம் தெளிவாக விழாது. அதனால் சில மணி நேரம் சாப்பாடு கூடாது என்பார்கள். கைக்குழந்தைக்கு ஒரு வேளைப் பாலைத் தள்ளிப் போட்டாலே பெரும்பாலும் போதும். தண்ணீரைப் பொதுவாக நிறுத்தச் சொல்வதில்லை. மூத்திரப்பை நிறைய வேண்டும் என்பதால் குடிக்கவே சொல்வார்கள்.

மயக்க மருந்து குடுத்துத்தான் ஸ்கேன் எடுக்கோணும்னு சொல்லிப்போட்டாங்க. அதுக்கும் இதே மாதிரிதானுங்களா?

இல்லை, இதில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. போன்றவற்றுக்கு மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் ஏதாவது இருந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். பொதுவாகப் பின்பற்றும் கணக்கு 2, 4, 6. அதாவது தண்ணீருக்கு 2 மணி நேர இடைவெளி, தாய்ப்பாலுக்கு 4, பசும்பால், பவுடர் பால், இட்லி போன்ற எளிய சாப்பாட்டுக்கு 6 மணி நேரம். உங்கள் ஆஸ்பத்திரி சொல்லும் நேரம் எதுவோ அதன்படி நடங்கள்.

கூட வரும் எல்லோரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். பாவம் என்று யாராவது ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்படிக் கொடுத்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டு விழுந்தாலும் பரவாயில்லை, தேதி தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

ஊசின்னு சொன்னா வண்டியே ஏற மாட்டா. பார்க்குக்குப் போலாம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிரலாமுங்களா?

நான் அதைத்தான் செய்தேன். "சும்மா டாக்டர் மாமாவைப் பார்த்துட்டு வந்துரலாம் கண்ணு" என்று சொல்லி மகனைக் கூட்டிப் போனேன். நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் ரப்பர் பட்டையைக் கட்டியதும் அவன் ஊசியைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தான். அழக்கூட இல்லை. அடுத்த இரண்டு மாதம், கடைக்குப் போகலாம் என்றால்கூட "நெசமாவே கடைக்கா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் செருப்பைப் போடுவான்.

இப்போதெல்லாம் அன்று காலையில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். "ஒரு குத்து குத்துவாங்க, எறும்பு கடிக்கிற மாதிரி வலிக்கும், நீ பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிரும், அம்மா மடியிலதான் இருப்பே." சின்னக் குழந்தையிடம் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிப் பயத்தை வளர்க்க வேண்டாம், அன்று சொன்னால் போதும். வலிக்கவே வலிக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்புறம், சாப்பிடாவிட்டால் ஊசி போட்டுவிடுவார்கள் என்று வீட்டில் மிரட்டுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அங்கே போய்க் குழந்தை வீறிடுவதில் பாதி அந்த மிரட்டலால் வருவதுதான்.

அழாம ரத்தம் எடுக்க வழியே இல்லீங்களா?

அழத்தான் செய்யும். வலியைக் குறைக்க வழி இருக்கிறது. கைக்குழந்தை என்றால் குத்தும்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருங்கள், வலி நன்றாகவே குறைகிறது. பெரிய பிள்ளையை மேசையில் படுக்க வைத்து நான்கு பேர் அமுக்குவதைவிட, உங்கள் மடியில் மார்போடு அணைத்து உட்கார வைத்து ஒரு கையை மட்டும் நீட்டச் செய்வது நல்லது. சோப்புத் தண்ணீர்க் குமிழி ஊதும் டப்பாவைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஊதும்போது மூச்சு சீராகும், கவனமும் அதில் போய்விடும். தோலை மரத்துப்போக வைக்கும் களிம்பும் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஒரு மணி நேரம் முன்னால் தடவி மூடி வைக்க வேண்டும். கைக்குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

நரம்பு கிடைக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் சிக்கல். பட்டினி, தண்ணீர் குடிக்காதது, மார்கழிக் குளிர் மூன்றிலுமே நரம்பு ஒளிந்துகொள்ளும். தண்ணீருக்குத் தடை இல்லை என்றால் நிறையக் குடிக்க வையுங்கள், கையைத் துணியில் சுற்றிச் சூடாக வையுங்கள். இரண்டு முறை குத்தியும் வரவில்லையா? "கொஞ்ச நேரம் விடுங்க, குழந்தைகளுக்கு எடுத்துப் பழகினவங்க இருந்தா அவங்களை எடுக்கச் சொல்லுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மூணு டியூப்பு ரத்தம் எடுத்துப்போட்டாங்க. புள்ள தெம்பு கெட்டுப் போயிராதுங்களா?

போகாது. குழந்தையின் உடம்பில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 75 மில்லி ரத்தம் உண்டு. 12 கிலோ குழந்தை என்றால் ஏறக்குறைய 900 மில்லி. மூன்று டியூப்பிலும் சேர்த்து எடுத்தது 5 மில்லி இருந்தால் அது ஒரு டீஸ்பூன்தான். ஊதா மூடி, சிவப்பு மூடி என்று நிறம் மாறுவது உள்ளே இருக்கும் மருந்துக்காக.

ரெண்டு வயசுப் புள்ளகிட்ட மூத்திரம் எப்படீங்க புடிக்கிறது?

பொறுமையாகத்தான். முன்னால் வழியும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய டப்பாவில் பிடிக்க வேண்டும். அதற்கு முன் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றில் வட்டமாகத் தேய்த்துக் கொடுத்தால் கைக்குழந்தைகள் சீக்கிரம் போய்விடும். ஒட்டும் பையை மாட்டிவிட்டால் நமக்கு வேலை சுலபம். ஆனால் தோலில் இருக்கும் கிருமி கலந்துவிடும் என்பதால், சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அது சரிப்படாது.

வீட்டில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். எங்கள் மாதிரி ஊரில் இருந்து பஸ்ஸில் கொண்டு போவதற்குள் கிருமி பெருகி, இல்லாத தொற்றைக் காட்டிவிடலாம். அங்கேயே போய்ப் பிடிப்பதுதான் நல்லது. இன்னொன்று, கல்ச்சர் எழுதியிருந்தால் ஆன்டிபயாடிக் முதல் வேளை கொடுப்பதற்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிடுங்கள். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போய், காரணம் தெரியாமலே நின்றுவிடும்.

ரெண்டு புள்ளைங்களுக்கும் ஒரே நாள்ல முடிச்சுப்போடலாம்னு பாக்கறேனுங்க. எதை முன்னாடி பண்றது?

முதலில் ஒரு விஷயம்: கூட இன்னொரு பெரியவர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். ஒரு குழந்தைக்கு ஊசி போடும்போது இன்னொன்று அந்த அறையில் இருக்கவே கூடாது. என் அம்மா வந்ததால் ஒருவர் வெளியே காத்திருக்க முடிந்தது. பிள்ளைகளின் அமுச்சி, அப்பத்தா, சித்தி யாராவது ஒருவர் கட்டாயம் வர வேண்டும்.

பட்டினி தேவைப்படும் ரத்தம் முதலில். அடுத்து வயிற்று ஸ்கேன். ஸ்கேனுக்காக மூத்திரப்பையை நிறைத்திருப்போம் அல்லவா, ஸ்கேன் முடிந்ததும் கழிப்பறைக்குப் போகும்போது டப்பாவை எடுத்துக்கொண்டே போங்கள். பரிசோதனைக்கான சிறுநீர் அங்கேயே கிடைத்துவிடும். நாங்கள் முதல் தடவை டப்பாவை மறந்து, அவள் போய் முடித்த பிறகு இன்னொரு முறை வருவதற்கு ஒன்றரை மணி நேரம் இளநீர் வாங்கிக் கொடுத்துக் காத்திருந்தோம். சாப்பாடு அதற்குப் பிறகு. எக்ஸ்ரே எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இ.இ.ஜி. மட்டும் குழந்தை வழக்கமாகப் பகலில் தூங்கும் நேரத்துக்குக் கேட்டு வாங்குங்கள்.

உண்மையைச் சொன்னால், இ.இ.ஜி.யை வேறு நாளில் வைப்பதே மேல். காரணம் அடுத்த கேள்வியில்.

இ.இ.ஜி.க்குப் போறப்ப என்னென்ன பாக்கோணுமுங்க?

தலையும் தூக்கமும். முந்தின நாள் தலைக்குக் குளிக்க வைத்துவிடுங்கள், அப்புறம் எண்ணெய் தொடவே கூடாது. தலையில் ஒட்டும் சின்னச் சின்னத் தட்டுகள்தான் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கின்றன. எண்ணெய் இருந்தால் அவை பிடிக்காது. அன்று விடிகாலை நான் சோறு கட்டிக்கொண்டிருந்தபோது, ஊருக்குப் போகிற பேரன் என்று அம்மா தேங்காய் எண்ணெயைத் தளதளவென்று வைத்து, வகிடு எடுத்துச் சீவிவிட்டிருந்தார். இ.இ.ஜி. அறையில் அந்தப் பெண் ஒரு விரலால் முடியைத் தொட்டுப் பார்த்து, விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு, "இப்படி எடுக்க முடியாதுங்க" என்றார். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தப்பு அவருடையது இல்லை, நான் சொல்லியிருக்க வேண்டும்.

தூக்கத்துக்கு வருவோம். தூங்கும்போது எடுத்தால் சில மாற்றங்கள் நன்றாகத் தெரியும். அதனால் முந்தின இரவு தாமதமாகத் தூங்க வைத்து விடிகாலையில் எழுப்பிக் கூட்டி வரச் சொல்வார்கள். இங்கேதான் பஸ் கெடுக்கும். ஜன்னல் காற்று பட்டதும் கருமத்தம்பட்டி தாண்டுவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். அங்கே போய்ச் சேரும்போது நன்றாகத் தூங்கி எழுந்து, அறை முழுக்க ஓடும். இரண்டாவது முறை போனபோது நீலாம்பூரில் இருந்து பீளமேடு வரை எதிரே வரும் லாரிகளை எண்ண வைத்துக்கொண்டே போனோம்.

அப்படியும் தூங்காவிட்டால் தூக்க மருந்து சிரப் கொடுப்பார்கள். அதை அங்கேதான், அவர்கள் அளந்து கொடுக்க வேண்டும். எந்தத் தூக்க மருந்தையும் வீட்டிலிருந்து நாமே கொடுத்துக் கூட்டிப் போகக் கூடாது. எழுந்த பிறகும் சில மணி நேரம் தள்ளாடும், தனியாக நடக்க விடாதீர்கள். வண்டியில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டி வருவது கூடவே கூடாது.

வலிப்பு மருந்து குடுத்துட்டு இருக்கறோம். டெஸ்ட் அன்னிக்கு நிறுத்திப்போடலாமுங்களா?

டாக்டர் சொன்னாலொழிய ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கடுமையாக வரலாம். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கிறார்கள் என்றால் காலை வேளை மருந்தை ரத்தம் எடுத்த பின் கொடுக்கச் சொல்வது உண்டு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் முதல் பதிலில் சொன்ன நான்கு கேள்விகளில் மருந்தையும் சேர்த்தேன்.

வழியில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கையில் சாவி கொடுப்பதால் பயன் இல்லை. நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

வீட்டுக்கு வந்து சேந்த பொறகு ஃபோன் பண்ணி, ரத்தம் ஒறஞ்சு போச்சு மறுக்கா வாங்கன்னு சொல்றாங்க. ஏமாத்தறாங்களா?

கோபம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் சொல்லாமல் விட்டுவிட்டால்தான் தப்பு. ஊதா மூடி டியூப்பில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து இருக்கும். குழந்தை திமிறி, ரத்தம் சொட்டுச் சொட்டாக வந்தால் அதில் கலப்பதற்குள்ளேயே கட்டி விழுந்துவிடும். அந்தக் கட்டிக்குள் பிளேட்லெட் எனும் தட்டணுக்கள் மாட்டிக்கொள்வதால் அவற்றின் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும். டெங்கு நேரத்தில் அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் வீடே கதிகலங்கிப் போகும். அதேபோல ரத்த அணுக்கள் உடைந்துபோனால் பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும்.

தூரத்தில் இருந்து வருகிறவர்கள், கிளம்பும் முன் "எடுத்த ரத்தம் சரியா இருக்குங்களான்னு ஒருக்காப் பாத்துச் சொல்லிருங்க, நாங்க வெளியூரு" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

நான் மூணு மாசம் முழுகாம இருக்கறேன். எக்ஸ்ரே ரூமுக்குள்ள புள்ளையப் புடிக்க நான் போலாமுங்களா?

போக வேண்டாம். சந்தேகமாக இருந்தாலும் சொல்லிவிட்டு வெளியே நில்லுங்கள், வேறு யாராவது ஈயக் கவசம் போட்டுக்கொண்டு பிடிக்கட்டும். குழந்தைக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: நெஞ்சு எக்ஸ்ரேயில் படும் கதிர்வீச்சு, சில நாட்களில் நம் சுற்றுப்புறத்தில் இருந்து இயல்பாகவே படும் அளவுதான். சி.டி. ஸ்கேனில் அது பல மடங்கு அதிகம், அதனால் அவசியம்தானா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

கையில டி.பி. டெஸ்ட் ஊசி போட்டாங்க. மறுபடியும் வரோணும்ங்கறாங்க. இங்கயே நாங்களே பாத்துச் சொல்லக் கூடாதுங்களா?

கூடாது. மாண்டூ எனும் இந்த டி.பி. பரிசோதனையை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்கத் தெரிந்தவர் தொட்டுப் பார்த்து அளக்க வேண்டும். சிவப்பைக் கணக்கில் எடுப்பதில்லை, கெட்டியாகத் தடித்திருக்கும் இடத்தைத்தான் மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். அதனால் வியாழன், வெள்ளியில் போட்டுக்கொள்ளாதீர்கள், ஞாயிறு வந்து குறுக்கே நிற்கும். திங்கள் போட்டால் புதன் அல்லது வியாழன் போகலாம். அந்த இடத்தில் மஞ்சளோ எண்ணெயோ வைக்க வேண்டாம், சொறியவும் விடாதீர்கள்.

தடுப்பூசி அட்டையையும் கொண்டு போங்கள். 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்திலும் போடும் தட்டம்மை ரூபெல்லா ஊசியைச் சமீபத்தில் போட்டிருந்தால் டி.பி. கிருமி இருந்தாலும் இந்தப் பரிசோதனை இல்லை என்று தவறாகக் காட்டக்கூடும். நான்கு வாரமாவது இடைவெளி விடச் சொல்வார்கள்.

இத்தனை டெஸ்ட்டுக்கும் காசுக்கு எங்கீங்க போறது?

பனியன் கம்பெனி, மில்லில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் குழந்தைகளுக்கும் அதில் உரிமை உண்டு. உங்கள் டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கிக்கொண்டு சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். இல்லாவிட்டால் கோவை அரசு மருத்துவமனை, பெருந்துறையில் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் காட்டினால், குறை இருக்கும் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை அவர்களே மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், சில பெரிய பரிசோதனைகளும் அதில் வரும்.

ரிப்போர்ட்டுல நாலஞ்சு எடத்துல எச்சா, கம்மின்னு போட்டு வந்துருக்குதுங்க. கையே நடுங்குது.

நடுங்காதீர்கள். ஓரத்தில் அச்சடித்திருக்கும் அளவு பல லேபில் பெரியவர்களுக்கானது. நான்கைந்து வயது வரை குழந்தைகளுக்கு வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகையைவிட லிம்போசைட் என்ற வகை அதிகமாக இருப்பதே இயல்பு. பெரியவர்களின் அளவோடு பார்த்தால் ஒன்று கூடியதாகவும் மற்றது குறைந்ததாகவும் குறி போட்டிருக்கும். எலும்பு வளரும் வயதில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் கூடுதலாகத்தான் இருக்கும். ஹீமோகுளோபின் 11.5 என்றால் வளர்ந்த ஆணுக்குக் குறைவு. இரண்டு முதல் ஐந்து வயது வரை 11-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்கிறார்கள்.

குறிகளை எண்ணிக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருக்காமல், ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். திரும்பப் பார்க்கச் சொன்னால் அதே லேபிலேயே எடுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும்.

இ.இ.ஜி. நார்மல்னு வந்துருச்சுங்க. ஆனா புள்ளைக்கு மறுபடியும் வலிப்பு வந்துருச்சு. அப்ப டெஸ்ட்டே பொய்யா?

பொய் இல்லை. வழக்கமான இ.இ.ஜி. அரை மணி நேரம் போல மூளையைக் கேட்கிறது. அந்த நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அது சொல்கிறது. நார்மல் என்று வந்ததற்காக வலிப்பு நோய் இல்லை என்று முடிவு செய்வதில்லை, மருந்தை நாமே நிறுத்துவதும் கூடாது. என் மகனுக்கும் முதல் இ.இ.ஜி. நார்மல்தான். தூக்கத்தில் எடுத்த இரண்டாவதில்தான் தெரிந்தது.

அடுத்த முறை வந்தால், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்த பிறகு, கூட இருக்கும் ஒருவரை ஃபோனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கண் எந்தப் பக்கம் போகிறது, முதலில் எந்தக் கை வெட்டுகிறது, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த நேரத்தில் பெற்ற பிள்ளையைப் படம் எடுக்க எந்த அம்மாவுக்கும் கை வராது. எங்கள் வீட்டில் என் அம்மாதான் எடுத்தார். படம் ஆடி ஆடி, பாதி நேரம் தரைதான் தெரிந்தது. டாக்டர் அதை மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மருந்தை மாற்றி எழுதினார்.